நூல் கோக்காத தையல்

ஆஸ்பத்திரியில் என்னிடம் முதலில் கேட்டது நெஞ்சு எங்கே நோகிறது என்றல்ல.

"உங்களோடை ஆர் நிக்கினம்?" என்றார் நேர்ஸ்.

எங்கள் பக்கத்தில் இந்தச் சொல்லுக்குத் தனிக் கனம் உண்டு. நோயாளிக்குத் துணையாக ஆஸ்பத்திரியில் இருப்பதை நிற்பது என்போம். கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்துக்கிடந்தாலும் அது நிற்பதுதான். சுடுதண்ணீர் எடுத்துவர, கடைகளில் இல்லாத மருந்தைத் தேடி ஊரெல்லாம் அலைய, பெரிய நேர்ஸ் கத்தும்போது தலையைக் குனிய ஓர் ஆள் வேண்டும். அந்த வாட்டில் எல்லாக் கட்டிலுக்கும் ஆள் நின்றது. என் கட்டிலுக்கு மட்டும் நிற்கவில்லை.

"ஒருத்தரும் நிக்கேல்லை" என்றேன்.

"அப்ப எப்பிடி வந்தனீங்கள்?"

"பக்கத்து வீட்டுக் கந்தையா அண்ணையின்ரை சைக்கிள் கரியரிலை."

"அவர் நிப்பாரோ?"

"பொம்பிளை வாட்டிலை அவர் எப்பிடி, பிள்ளை, நிக்கிறது?"

நேர்ஸ் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். சுகமாகி வீட்டுக்கு வந்து சில வருஷம் கழித்து, கதிரையில் சாய்ந்தபடி இதை எழுதுகிறேன். என்னைப் போலத் தனியே போய்ப் படுக்கப்போகிற யாருக்காவது உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன். வீரக் கதை ஒன்றும் இல்லை. பயந்துகொண்டே கிடந்தேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எனக்கு வயது ஐம்பதுக்கு மேல். யாழ்ப்பாணம் கொக்குவிலில் மதில் சூழ்ந்த ஒரு வீட்டில் தனியே இருக்கிறேன். உயர்தர வகுப்புக்குக் கணிதம் படிப்பிக்கிறேன். தம்பிமார் இருவரும் பனி கொட்டுகிற நாடுகளில். கலியாணம் ஏன் செய்யவில்லை என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் ஆளுக்கு ஆள் மாறும். நான் வருத்தத்தில், அதாவது நோயில், விழுந்தது யுத்தத்தால் மின்சாரம் இல்லாத, பெற்றோல் இல்லாத, ஒரு பற்றரிக்குக்கூட வழியில்லாத காலம். தம்பிமாருக்கு எழுதினால் பதில் வருவதற்குள் ஒன்று நான் சுகமாகியிருப்பேன், இல்லையென்றால் என் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்திருக்கும். ஆகவே எழுதவில்லை.

என் பொழுதுபோக்கு ஊரறிந்தது. நான் கிணறு அளப்பவள். முடிச்சுப் போட்ட கயிற்றை இறக்கி, தண்ணீர் மட்டத்தைக் காலமையும் பின்னேரமும் அளந்துவந்தேன். எங்கள் நிலம் சுண்ணாம்புக்கல். அடியில் வெடிப்பும் குகையுமாகத் தண்ணீர் ஓடும் வழிகள் கிடக்கின்றன. மழை, கடலின் ஏற்றவற்றம், தோட்டக்காரர் இறைக்கிற இறைப்பு எல்லாம் சேர்ந்துதான் என் கிணற்றை ஏற்றி இறக்குகின்றன. மழை இரண்டு மடங்கு பெய்தால் தண்ணீர் இரண்டு மடங்கு ஏறும் என்ற நேர்க்கணக்கு இங்கே செல்லாது. இப்படிப்பட்டவற்றை நேர்கோட்டுக்கு அடங்காத தொகுதிகள் என்போம்.

நிலத்துக்குள் இறங்கி எட்டிப்பார்க்க முடியாது. ஆனால் வெளியே தெரிகிற ஒரேயொரு அளவை நெடுநாள் ஒழுங்காக எடுத்து வந்தால், உள்ளே நடப்பதன் உருவத்தைத் தாளில் மீட்கலாம். வெளிநாட்டிலிருந்து ஒரு பழைய தோழி அனுப்பிய கட்டுரைப் பிரதியில் அப்படித்தான் இருந்தது. வழி மிகச் சுலபம். ஓர் அளவைக் கிடையச்சிலும், அதற்கு அடுத்து வந்த அளவை நிலையச்சிலும் வைத்து ஒரு புள்ளி போடவேண்டும். பிறகு அந்த அடுத்ததையும் அதற்கடுத்ததையும் வைத்து இன்னொரு புள்ளி. இப்படியே போட்டுக்கொண்டு போக வேண்டும். உள்ளே விதி ஏதும் இல்லையென்றால் புள்ளிகள் கண்டபடி சிதறும். விதி இருந்தால் அவை ஓர் உருவமாகக் கூடும். எண் தனியே நின்றால் ஒன்றும் சொல்லாது, தன் அடுத்ததோடு நின்றால்தான் வாய் திறக்கும். முதலில் நான் நம்பவில்லை. கிணற்றுக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகுதான் நம்பினேன்.

ஒரு பெண் காலமையும் பின்னேரமும் கிணற்றை எட்டிப் பார்த்தால் அயலார் சும்மா இருப்பார்களா? "தங்கச்சி, மனசிலை ஏதும் கிடந்தால் எங்களிட்டைச் சொல்லு" என்று கந்தையா அண்ணையின் மனைவி கையைப் பிடித்துக்கொண்டு கண்கலங்கினா. அடுத்த கிழமை கந்தையா அண்ணை சொல்லாமல் கொள்ளாமல் தகரத்தைக் கொண்டுவந்து கிணற்றை மூடிவிட்டார். ஆராய்ச்சி என்று விளங்கப்படுத்தி அதை எடுப்பிக்க எனக்குப் பெரும்பாடாகிவிட்டது.

வருத்தம் மெல்லத்தான் வந்தது. கரும்பலகையின் மேல்பக்கம் எழுதினால் மூச்சு வாங்கியது. கால் வீங்கிச் செருப்பு ஏறவில்லை. ஒருநாள் வகுப்பில் நெஞ்சு படபடவென்று அடித்து, கண் இருட்டி, மேசையைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டேன். பின்னேரம் கந்தையா அண்ணை சைக்கிளைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

டொக்ரர் இளவயதுக்காரர். இரண்டு வாட்டுகளை ஒற்றை ஆளாகப் பார்த்தார். கண்ணில் நித்திரைக் களைப்பு, குரலில் மட்டும் களைப்பில்லை.

"சின்ன வயசிலை மூட்டுக்காய்ச்சல் வந்ததோ, ரீச்சர்?"

"ஓம். ஒரு தவணை பள்ளிக்கூடம் போகேல்லை."

"அது மூட்டோடை போயிருக்காது. இதயத்துக்குள்ளை இருக்கிற வால்விலை வடு விட்டிட்டுப் போயிருக்கும்."

இதயத்தின் மின்னோட்டத்தைத் தாளில் கோடாக வரைகிற இயந்திரம் அங்கே இருந்தது. அதில் போடுகிற தாள்ச்சுருள் இல்லை. கப்பலில் வரும் என்றார்கள். ஆகவே டொக்ரர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி வெகுநேரம் இருந்தார். காது கொடுத்தும் கேட்டார்.

"துடிப்பு ஒழுங்கில்லாமல் போகுது. சில ஆக்களுக்கு ஒழுங்கீனத்துக்குள்ளையும் ஒரு ஒழுங்கு இருக்கும். உங்களுக்கு அப்பிடி ஒண்டும் எனக்குப் பிடிபடேல்லை. மேலறை நடுங்குது எண்டு நினைக்கிறன்."

அவர் விளக்கியதை என் பாஷையில் சொல்கிறேன். இதயத்தில் மேலறை உண்டு, கீழறை உண்டு. மேலறையிலிருந்து ஒரு கட்டளை கீழறைக்குப் போகும். நடுவில் ஒரு வாசல். மேலறை அடிக்காமல் நடுங்கத் தொடங்கினால் கட்டளைகள் கண்டபடி வந்து வாசலில் முட்டும். அதனால் கீழறையும் கண்டபடி அடிக்கும். அதற்கு விழுங்கக் கொடுப்பது டிஜொக்சின் என்றொரு குளிசை. அது வாசலை இறுக்கி, வரும் கூட்டத்தைக் குறைத்து உள்ளே விடும்.

குளிசை முதலில் நல்லபிள்ளையாக வேலை செய்தது. மூச்சு இறங்கியது, கால் வற்றியது. இனி வீடுதான் என்று நினைத்திருக்க, வயிறு பிரட்டத் தொடங்கியது. சோற்றைக் கண்டால் குமட்டல். அந்தச் சோறு மஞ்சளாக இருந்தது. கஞ்சியும் மஞ்சள், சுவரும் மஞ்சள், நேர்ஸின் தொப்பியும் மஞ்சள். தேங்காய் எண்ணெய் விளக்கின் வேலை என்றால், பட்டப்பகலில் விளக்கு ஏது?

அதோடு இன்னொன்றும் வந்தது. நெஞ்சு ஓடிக்கொண்டேயிருந்து திடீரென ஓரிடத்தில் நிற்கும். நின்று, ஒரு பெரிய அடியோடு மறுபடி தொடங்கும். அந்த இடைவெளி மிகச் சின்னது. ஆனால் உள்ளே விழுந்து கிடப்பவளுக்கு அது பெரிய வெளி. கடவுளோ மறுபிறப்போ எனக்கு நினைவுக்கு வரவில்லை. யாருக்குச் சொல்லி அனுப்புவார்கள் என்பதுதான் ஒவ்வொரு தடவையும் வந்த நினைப்பு. விடை கிடைக்கும் முன்பே நெஞ்சு மறுபடி ஓடத்தொடங்கிவிடும்.

வெள்ளிக்கிழமை டொக்ரர் நாடியைப் பிடித்துப் பார்த்து முகத்தைச் சுருக்கினார்.

"இன்னும் அடங்கேல்லை. திங்கக்கிழமை பாத்திட்டுக் குளிசையைக் கூட்டுவம். அதுக்கும் அடங்காட்டில் கொழும்புக்குத்தான் அனுப்பவேணும். உங்களோடை ஆர் போறது?"

நீரேரியைப் படகில் கடந்து, சோதனைச் சாவடிகள் தாண்டி, மூச்சு வாங்குகிற ஒருத்தியைக் கொழும்புக்குக் கூட்டிப்போக ஆர் வருவார்? "பாப்பம்" என்றேன். அவர் போன பிறகு போர்வையை முகத்துக்கு மேலே இழுத்துவிட்டு அழுதேன். பக்கத்துக் கட்டிலில் ஆள் இருந்தது, அதனால் சத்தமில்லாமல் அழுதேன்.

பக்கத்துக் கட்டிலில் பாரிசவாதத்தால் ஒரு பக்கம் விழுந்துபோன ஓர் அம்மா கிடந்தா. அவவுக்கு மருமகள் பிலோமினா நின்றாள். குருநகர்க்காரி. கடலுக்குப் போகத் தடை வந்ததால் புருஷனின் வலை கூரையில் தொங்கியது. மாமியைத் துடைத்து, பிரட்டிப் படுக்கவைத்து, கஞ்சி பருக்கிவிட்டு, மிச்சநேரம் ஆஸ்பத்திரித் துணியறையில் கிழிந்த விரிப்புகளைத் தைத்துக்கொடுத்தாள். அவளுடைய குடும்பம் பிறகு படகேறி எங்கேயோ போய்விட்டது. இதை அவள் வாசிப்பாளோ தெரியாது.

"ரீச்சர், சோறு மஞ்சளாக் கிடக்கெண்டு சொன்னியளே, செங்கமாரியோ?" என்று அவள்தான் என் இமையை இழுத்துப் பார்த்தாள். "கண் நல்ல வெள்ளையாத்தானே கிடக்கு."

கண் வெள்ளை என்றால் செங்கமாரி என்கிற மஞ்சள் காமாலை இல்லை. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. களைத்துப்போன மனுஷனிடம் போய் எனக்கு உலகம் மஞ்சளாகத் தெரிகிறது என்று முறைப்பாடு வைப்பதா? விட்டுவிட்டேன்.

ஆனால் ஒன்று மட்டும் என்னை விடவில்லை. ஒழுங்கு பிடிபடவில்லை என்று அவர் சொன்னது. மணிக்கட்டில் விரலை வைத்து, இரண்டு வாட்டு நோயாளிகளும் காத்திருக்கையில், எந்த மனுஷனுக்கு அது பிடிபடும்? என் கிணறும் வெறும் கண்ணுக்குக் கண்டபடிதான் ஏறி இறங்கியது. நெஞ்சும் கிணறுதான். வெளியே தெரிவது ஒரேயொரு அளவு, அடிக்கும் அடிக்கும் இடையிலான நேரம். அதை எடுத்து, ஒவ்வொன்றையும் அதன் அடுத்ததோடு வைத்துப் புள்ளி போட்டால், மேலறை நடுங்குகிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். புள்ளிகள் கண்டபடி சிதறினால் டொக்ரர் சொன்னது சரி, குளிசையைக் கூட்டட்டும். சிதறாவிட்டால்? வாசலை இறுக்கும் குளிசையை ஏற்கெனவே இறுகிப்போன வாசலுக்கு மேலும் கொடுத்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. அது நல்லதாக இருக்காது என்று மட்டும் தெரிந்தது.

எப்படி அளப்பது? என் மணிக்கூட்டில் செக்கன் முள் தட்டித் தட்டிப் போகும். ஒரு செக்கனுக்குள் நடப்பதை அதால் பிரித்துச் சொல்ல முடியாது. சனிக்கிழமை முழுவதும் இதை யோசித்துக்கொண்டு கிடந்தேன். சுவருக்கு அப்பால் துணியறையில் பிலோமினா தையல் கால்மிசின் மிதிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. டக்டக்டக்டக் என்று ஒரே சீராக, நீட்டுக்கு. கொஞ்சநேரம் என் நெஞ்சையும் அதையும் சேர்த்துக் கேட்டுக்கொண்டு கிடந்தேன். பிறகு எழும்பி இருந்துவிட்டேன்.

"பிலோமினா, நூல் கோக்காமல் தாளிலை தைக்கலாமோ?"

"ஊசி மழுங்கும். ஏன், ரீச்சர்?"

"மழுங்கினால் நான் புது ஊசி வாங்கித்தாறன்."

சொன்னபோது அவளுக்கு விளங்கவில்லை. செய்தபோது விளங்கியது. ஊசி ஒரே வேகத்தில் குத்தினால், தாளில் விழுகிற துளைகள்தான் என் மணிக்கூடு. தாள் நகர நகர, ஒவ்வொரு அடிக்கும் நான் பென்சிலால் ஒரு கோடு போடுவேன். இரண்டு கோடுகளுக்கு நடுவே எத்தனை துளை என்று எண்ணினால் அதுதான் நேரம். தாளுக்குத்தான் பஞ்சம். பத்திரிகையே பள்ளிக்கூடக் கொப்பித் தாளில் வந்த காலம் அது. பிலோமினா எக்ஸ்றே படம் போடுகிற பழைய உறைகளை நேர்ஸிடம் கேட்டு வாங்கி, நீள நீளமாக வெட்டி, மாமியின் கஞ்சியால் ஒட்டிச் சுருளாக்கினாள்.

"உதென்ன விளையாட்டு?" என்றார் நேர்ஸ். ஆனாலும் தடுக்கவில்லை.

ஞாயிறு காலமை, பூசைக்குப் போய்வந்த சேலையோடு பிலோமினா என்னைக் கைத்தாங்கலாகத் துணியறைக்குக் கூட்டிப்போனாள். பக்கத்தில் ஒப்பரேஷன் அறைக்கு ஜெனரேற்றர் ஓடியது. காதைப் பிளக்கிற இரைச்சல். நான் கண்ணை மூடி, இடக்கை விரல்களைக் கழுத்தில் வைத்து, வலக்கையில் பென்சிலோடு இருந்தேன். அவள் மிதித்தாள். கழுத்தில் அடிக்கும்போதெல்லாம் கோடு போட்டேன். நெஞ்சு நின்றபோதெல்லாம், என்னையறியாமல், "நிண்டிட்டுது" என்று முணுமுணுத்தேன்.

கட்டிலுக்கு வந்து எண்ணினேன். எட்டுத் துளை. எட்டு. ஒன்பது. எட்டு. ஒன்பது. நீண்ட இடைவெளி ஒன்றுகூட இல்லை. இதைவிட ஒழுங்கான நெஞ்சு யாழ்ப்பாணத்தில் வேறு யாருக்கும் இருக்காது. எனக்கு வருத்தமே இல்லை என்றது சுருள். ஒரு கணம் நம்பினேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. எல்லாம் மனப்பிரமை, நாளைக்கே வீட்டுக்குப் போகலாம் என்று சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷத்தின் நடுவே நெஞ்சு ஒருமுறை நின்று தொடங்கியது.

"பிலோமினா, மிதிக்கேக்கை எங்கையாவது நிப்பாட்டினனீரோ?"

"ஓம். நீங்கள்தானே சொன்னியள்."

"நான் எங்கை சொன்னனான்?"

"நிண்டிட்டுது, நிண்டிட்டுது எண்டு சொல்லிக்கொண்டு இருந்தியள். உங்கடை வாயைத்தான் பாத்துக்கொண்டு இருந்தனான். நீங்கள் சொல்ல நான் காலை எடுத்திடுவன். பென்சில் திரும்பப் பட்டவுடனை மிதிப்பன்." கொஞ்சம் பயந்துபோய்க் கேட்டாள். "பிழையோ? உங்களுக்கு நெஞ்சு நிண்டுபோய்க் கிடக்கேக்கை நான் என்னெண்டு, ரீச்சர், சும்மா மிதிச்சுக்கொண்டு இருக்கிறது?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. என் நெஞ்சு நின்ற நேரமெல்லாம் அவள் மணிக்கூட்டையும் நிறுத்திவைத்திருக்கிறாள். நான் நின்றால் உலகமும் நிற்கட்டும் என்று அதற்குமுன் யாரும் எனக்காகச் செய்ததில்லை. ஆனால் அளவு குப்பை. பாசம் வைத்த கருவியால் அளக்கக் கூடாது என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் எழுதியிருக்கவில்லை.

"இந்தமுறை நான் செத்தாலும் மிதியும்" என்றேன்.

"சும்மா இருங்கோ, ரீச்சர்."

பின்னேரம் மறுபடி போனோம். நான் பல்லைக் கடித்து வாயை மூடிக்கொண்டேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு, காலின் சீர் குலையாதிருக்கச் செபமாலை சொல்லிச் சொல்லி மிதித்தாள். சுருள் முடியும்வரை ஒருமுறைகூட நிறுத்தவில்லை. இறங்கும்போது அவளுக்கு நெற்றியெல்லாம் வியர்வை. லேஞ்சித் துணியை எடுத்து முதலில் என் முகத்தைத்தான் துடைத்தாள்.

இருட்டுவதற்குள் எண்ணி முடித்து, ஓர் உறையின் பின்பக்கத்தில் கட்டம் கீறிப் புள்ளி போடத் தொடங்கினேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. நாலைந்து புள்ளிகள் எங்கெங்கோ கிடந்தன. பிறகு வந்த புள்ளிகள் அவற்றுக்குப் பக்கத்திலேயே வந்து விழுந்தன. கடைசியில் மூன்றே மூன்று கூட்டங்கள். ஒன்றிலிருந்து மற்றதற்கும், மற்றதிலிருந்து மூன்றாவதற்கும், அங்கிருந்து திரும்ப முதலாவதற்குமாக, ஒரே வட்டத்தில், ஒரே திசையில் சுற்றிக்கொண்டிருந்தது என் நெஞ்சு. நின்றபின் வருகிற இடைவெளி கொஞ்சம் நீளம், அடுத்தது அதைவிடக் கட்டை, பிறகு ஓர் அடி காணாமல் போகும். திரும்பவும் அதே வரிசை. வெளியே சிதறிக் கிடந்த புள்ளிகள் கைவிரல்களுக்குள் அடங்கும்.

மேலறை நடுங்கினால் இப்படி வராது. மேலறை ஒழுங்காகத்தான் கட்டளை அனுப்புகிறது. வாசல்தான் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தாமதித்து, கடைசியில் ஒன்றை உள்ளே விடாமல் மறித்து, ஓய்வெடுத்துவிட்டு மறுபடி திறக்கிறது. நான் பார்க்காத வாசலை உறையில் பார்த்துக்கொண்டிருந்தேன். கணிதக்காரியாகப் பெரிய மகிழ்ச்சி. அதைச் சொல்ல ஆள் இல்லாததால் பக்கத்துக் கட்டில் மாமியிடம் சொன்னேன். அவ ஒருபக்கக் கண்ணால் என்னையே பார்த்துக்கொண்டு கிடந்தா.

திங்கட்கிழமை டொக்ரர் வந்தார். நான் உறையை நீட்டினேன்.

"உது என்ன, ரீச்சர்?"

சொன்னேன். அவர் என் கட்டில் விளிம்பில் குந்திவிட்டார். டொக்ரர்மார் கட்டிலில் இருப்பதில்லை. சுருளை விரித்து, தன் விரலாலேயே துளைகளை ஓரிடத்தில் எண்ணிப் பார்த்தார். மூன்று கூட்டங்களையும் தொட்டுத் தொட்டு, வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டு மறுபடி வட்டத்தைச் சுற்றினார். பிறகு நான் எதிர்பாராத கேள்வி ஒன்றைக் கேட்டார்.

"ரீச்சர், பாக்கிறதெல்லாம் மஞ்சளாத் தெரியுதோ?"

"ஓம்" என்றேன்.

"சாப்பாட்டைக் கண்டால் ஓங்காளிக்குதோ?"

"ஓம்."

"ஏன் சொல்லேல்லை?"

"மஞ்சள் ஒரு வருத்தமெண்டு எனக்குத் தெரியாது, டொக்ரர்."

குளிசை உடம்பில் கூடிப்போனால் இப்படி மஞ்சள் தெரியும், வயிறு பிரட்டும், வாசலும் இப்படித்தான் மறிக்கும் என்று மெதுவாகச் சொன்னார். "இண்டைக்குக் கூட்டியிருந்தால்..." என்று தொடங்கி, முடிக்காமல் விட்டார். நானும் முடிக்கச் சொல்லவில்லை.

"ஆனா ஒண்டு. வாசல் மறிக்குது எண்டு உங்கடை படம் சொல்லுது. அது குளிசையாலையோ, வடுவாலையோ எண்டு சொல்லாது. குளிசையை நிப்பாட்டிப் பாப்பம். வட்டம் மாறினால் குளிசைதான். மாறாட்டில் கொழும்புக்குப் போய் நெஞ்சுக்குள்ளை துடிப்புக்கு மிசின் வைக்கிறதைத் தவிர வேறை வழியில்லை."

குளிசை உடம்பை விட்டு ஒரே நாளில் போகாது. சிறுநீரகம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெளியே விடும். காத்திருக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் மிகக் கடினமான வேலை அதுதான். ஊசி, வாந்தி, கசப்பு மருந்து எல்லாவற்றுக்கும் நாம் ஏதோ செய்கிறோம் என்ற நினைப்பாவது உண்டு. காத்திருக்கும்போது கூரையிலுள்ள ஓடுகள்தான் துணை. நெஞ்சு நிற்கிறதா, நிற்கவில்லையா என்று விரலை வைத்துப் பார்க்கவும் பயமாக இருந்தது.

அந்த நாட்களில் ஒருநாள் காலமை பிலோமினாவின் மாமி போய்விட்டா. கஞ்சி பருக்கவென்று பீங்கானோடு வந்தவள், மாமியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, பீங்கானைக் கீழே வைத்தாள். ஆட்கள் வந்தார்கள். அழுதார்கள். உடலைக் கொண்டுபோனார்கள். பிலோமினா பாயைச் சுருட்டினாள், போத்தலை எடுத்தாள், என் கட்டிலைத் தாண்டி நடந்தாள். ஒரு சொல் சொல்லவில்லை.

எங்களில் யாரும் போறன் என்று சொல்லி வெளிக்கிடுவதில்லை. வாறன் என்றுதான் சொல்வோம். செத்தவீட்டிலிருந்து போகும்போது மட்டும் அந்த வாறனையும் சொல்லக் கூடாது. அது வழக்கம். எனக்கும் தெரியும். தெரிந்தும், அவள் வாசலைத் தாண்டும்வரை அந்தச் சொல் வருமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு இனி இந்த ஆஸ்பத்திரியில் என்ன வேலை? அவளுடைய ஆள் போய்விட்டது. நான் அவளுக்கு யார்? பக்கத்துக் கட்டிலுக்குப் புது ஆளும் வரவில்லை.

சோறு வெள்ளையானது. இதுதான் முதலில் நடந்தது. ஒருநாள் மத்தியானம் மூடியைத் திறந்தபோது சோறு சோற்றின் நிறத்தில் இருந்தது. பசியோடு சாப்பிட்டேன். நெஞ்சில் இடைவெளி குறைந்த மாதிரித் தெரிந்தது. ஆனால் "மாதிரித் தெரிகிறது" என்பதை வைத்துக்கொண்டு கணக்கு முடிக்க முடியாது. டொக்ரரும் அதையேதான் சொன்னார்.

"தாள்ச்சுருள் இன்னும் வரேல்லை, ரீச்சர். உங்கடை சுருளை இன்னொருக்கா எடுப்பமோ? அதைப் பாத்திட்டுத்தான் வீடோ கொழும்போ எண்டு சொல்லுவன்."

எடுக்கலாம். யார் மிதிப்பது? துணியறைக்குப் புதிதாக வந்த பெண் இரண்டு அடி மிதித்துவிட்டு மூச்சுவிடுகிறவள். அதோடு, நோயாளி வாட்டை விட்டு நகர்வதானால் கூடவே ஆள் வேண்டும் என்பது பெரிய நேர்ஸின் சட்டம். முதல்நாள் வந்த நேர்ஸ் கட்டிலடியில் நின்று, அன்று கேட்ட அதே கேள்வியைக் கேட்டார்.

"துணியறைக்குப் போறதெண்டால் உங்களோடை ஆர் நிக்கினம்?"

ஒருத்தரும் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"நான் நிக்கிறன்" என்றது வாசல் பக்கம் ஒரு குரல்.

துக்கத்துக்கு உடுத்த சேலையோடு பிலோமினா நின்றாள். முகம் வாடி, கண் வீங்கிக் கிடந்தது. கையில் ஒரு போத்தல் சுடுதண்ணீர்.

"நீர் வாறன் எண்டு சொல்லேல்லையே" என்றேன். முதலில் வாயில் வந்தது அதுதான்.

"அது மாமியோடை போகேக்கை, ரீச்சர். சொல்லக்கூடாதுதானே." போத்தலை என் அலுமாரியின் மேல் வைத்தாள். "உங்களுக்கு ஆள் இல்லையெண்டு எனக்குத் தெரியாதோ? வாங்கோ."

ஜெனரேற்றர் அன்று ஓடவில்லை. துணியறை அமைதியாக இருந்தது. அவள் சுவரைப் பார்த்துக்கொண்டாள். நான் கண்ணை மூடி விரலைக் கழுத்தில் வைத்தேன். டக்டக்டக்டக் என்று மிசின் ஓடியது. அடி, கோடு. அடி, கோடு. நிற்கப்போகிறது என்று ஒவ்வொரு தடவையும் காத்திருந்தேன். அடுத்த அடி வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. வந்துகொண்டே இருந்தது. வாசல் ஒன்றையும் மறிக்கவில்லை. சுருளின் பாதிக்கு மேல் போய்விட்டது. நான் வாயைத் திறக்கவே இல்லை.

மிசின் நின்றது.

கண்ணைத் திறந்தேன். "பிலோமினா, நான் ஒண்டும் சொல்லேல்லையே. ஏன் நிப்பாட்டினனீர்?"

"நீங்கள் அழுகிறியள், ரீச்சர்" என்றாள்.

பின்னேரம் டொக்ரர் சுருளைக் கட்டிலின் நீளத்துக்கு விரித்துப் பார்த்தார். கோடுகள் ஒரே சீராகப் போயின. நடுவில் ஓரிடத்தில் மட்டும் துளைகள் நின்று, தாள் நழுவிய அளவுக்கு விலகி, மறுபடி தொடங்கியிருந்தன. அவருடைய விரல் அங்கே வந்து தங்கியது.

"இதிலை என்ன, ரீச்சர்? நிண்டதோ?"

"ஓம், டொக்ரர். நெஞ்சில்லை" என்றேன். "ஆள் நிண்டது."